வேலைக்கு ஆளும் ஆளுக்கு வேலையும்

(நெட்டுக்குப்பத்தில் நடைபெற்ற வெள்ளி விழாக் கூட்டத்தில் நிகழ்த்திய உரையின் எழுத்து வடிவம்)



கல்விச் சங்கத்தின் மேடையில் பள்ளித் தலைமையாசிரியர் ஏறினால், "நன்றாகப் படியுங்கள், நல்ல வேலைக்குப் போங்கள்" என்று சொல்லி இறங்குவது வழக்கம். அதனை நாமும் பல்லாண்டுகள் சொல்லியிருக்கிறோம், இன்றும் சொல்கிறோம். ஆயினும் இந்த வெள்ளி விழா நாளில் அதற்கு அடுத்த படியைப் பற்றிப் பேச விரும்புகிறோம். வேலை கிடைத்தால் போதுமா? கிடைத்த இடத்தில் ஒருவன் ஏன் நிலைக்கிறான், ஏன் நிலைக்காமல் போகிறான்? ஆட்களை வேலைக்கு அழைப்பவன் அவர்களை எவ்வாறு நடத்தல் வேண்டும்? இவைதாம் இன்றைய பொருள்.

இது முதலாளிகளின் கவலையன்றோ, நமக்கு எதற்கு என்று சிலர் நினைக்கலாம். இருபத்தைந்து ஆண்டுகளுக்கு முன் அப்படி நினைத்ததில் தவறில்லை. இன்று நம் சங்கத்தில் படித்த பிள்ளைகளுள் மேற்பார்வையாளர்கள் இருக்கிறார்கள், ஒப்பந்தக்காரர்கள் இருக்கிறார்கள், நான்கு பேருக்குக் கூலி கொடுக்கும் பட்டறைக்காரர்கள் இருக்கிறார்கள். நம் சங்கமே மாலை வகுப்புக்கு ஆசிரியர்களைச் சம்பளம் கொடுத்து அமர்த்தியிருக்கிறது. ஆகவே கை நீட்டி வாங்குவோராக மட்டும் நாம் இன்று இல்லை, கொடுப்போராகவும் ஆகியிருக்கிறோம். கொடுக்கும் கை எப்படி இருத்தல் வேண்டும் என்பதை, நெடுங்காலம் வாங்கும் கையாக இருந்த நாம் நன்கு அறிவோம், அறிந்திருத்தல் வேண்டும்.

முதலில் நம் வட்டாரத்தைப் பாருங்கள். 1946-இல் திருவொற்றியூரில் ஒரு சிறு கொட்டகையில் விளையாட்டு பலூன் செய்யத் தொடங்கிய தொழில்தான் பின்னர் எம்.ஆர்.எஃப். டயர்த் தொழிற்சாலையாக வளர்ந்தது. 1948-இல் தோன்றிய அசோக் மோட்டார்ஸ், 1955-இல் அசோக் லேலண்டு ஆயிற்று. அதே 1955-இல் திருவொற்றியூரில் என்ஃபீல்டு மோட்டார் சைக்கிள் தொழில் தொடங்கியது. 1970-இல் எண்ணூர் அனல்மின் நிலையம் எழுந்தது. அந்நாளில் இருபது வயதில் தொழிற்சாலையின் வாயிலுக்குள் நுழைந்தவன் ஐம்பத்தெட்டு வயதில் மாலையுடன் வெளியே வந்தான். "கம்பெனியில் வேலை" என்ற ஒரு சொல் பெண் கொடுப்பதற்கும் கடன் கொடுப்பதற்கும் போதுமான சான்றாக இருந்தது.

அந்தக் காலம் மாறிவிட்டது. 450 மெகாவாட் திறனுள்ள எண்ணூர் அனல்மின் நிலையம் 2017-இல் மூடப்பட்டது. சென்னைத் துறைமுகத்தில் 1983-இல் சரக்குப் பெட்டக முனையம் தொடங்கிற்று. அதுவரை மூட்டை மூட்டையாக முதுகில் சுமந்து கப்பலுக்கு ஏற்றிய சரக்கை, இரும்புப் பெட்டகத்தில் அடைத்துப் பளுதூக்கியே ஏற்றி இறக்கலாயிற்று. 2001-இல் எண்ணூரில் புதிய துறைமுகம் திறக்கப்பட்டது. உயர்நீதிமன்ற ஆணையின்படி 2011 அக்டோபரிலிருந்து நிலக்கரியும் இரும்புத்தாதும் சென்னைத் துறைமுகத்தை விட்டு நீங்கின.  ஒவ்வொரு மாற்றத்திலும் சுமக்கும் தோள்களின் தேவை குறைந்தது. முதுகின் வலுவுக்கு இருந்த விலை, இயந்திரத்தை இயக்கும் அறிவுக்கு மாறிற்று. உள்ளே நிரந்தரமாக இருந்தவர்கள் ஓய்வுபெற, அவர்கள் இடத்தில் ஒப்பந்தக்காரரின் ஆட்கள் வந்தனர். தொழிற்சாலையின் மதில் நம் வீட்டு வாயிலிலிருந்து கூப்பிடு தூரத்தில் இருக்கிறது. ஆனால் அதன் உள்ளே நிலையாக உட்காரும் நாற்காலி தொலைவில் இருக்கிறது.

இந்நிலையில் பழைய வரலாறு ஒன்றை நம் இளைஞர்கள் அறிந்திருத்தல் வேண்டும். பெரம்பூர்ப் பக்கத்துப் பக்கிங்காம், கர்நாடிக் ஆலைகளின் வரலாறு அது. நம் பாட்டனார்கள் பலர் அந்த ஆலைகளின் சங்கொலிக்கு எழுந்தவர்கள். 1918 ஏப்ரலில், பி.பி. வாடியா, திரு.வி.க. முதலியோர் முன்னின்று, சென்னைத் தொழிலாளர் சங்கம் அமைந்தது. முறையாக அமைந்த இந்தியத் தொழிற்சங்கங்களுள் முதலாவது என்று அதனைப் போற்றுவர். எதற்காக அச்சங்கம் பிறந்தது? கூலிக்காக மட்டுமன்று. நண்பகல் உணவுக்குக் கிடைத்த நேரம் மிகக் குறைவு. மேலாளர்களும் மேஸ்திரிகளும் பேசிய பேச்சு பொறுக்கக்கூடியதாக இல்லை. சோறு உண்ண நேரமும், மனிதனாக நடத்தப்படும் மரியாதையும் வேண்டியே அத்தொழிலாளர்கள் முதலில் ஒன்றுகூடினர்.

1921-இல் அந்த ஆலைகளில் பெரிய வேலைநிறுத்தம் நடந்தது. அதில் ஆதிதிராவிடத் தொழிலாளர்களுள் பெரும்பாலோர் சேரவில்லை. அதன் விளைவாகப் புளியந்தோப்பில் மூண்ட கலவரத்தில் குடிசைகள் எரிந்தன. கலவரத்திலும் துப்பாக்கிச் சூட்டிலும் உயிர்கள் போயின. வேலைநிறுத்தம் பல மாதம் நீடித்துத் தோல்வியில் முடிந்தது. சட்டமன்றத்தில் நம் மக்களுக்காகக் குரல் கொடுத்தவர் எம்.சி. ராஜா.

நம்மவர் ஏன் சேரவில்லை என்ற கேள்விக்கு, "கருங்காலிகள்" என்று ஒரே சொல்லில் விடை எழுதியவர்கள் உண்டு. அது நியாயமன்று. ஒரு நாள் கூலி தவறினால் மறுநாள் அடுப்பு எரியாத வீடுகள் நம்முடையவை. திரும்பிப் போய்ப் பிழைக்கக் கிராமத்தில் ஒரு குழி நிலமும் நமக்கு இல்லை. எல்லாவற்றுக்கும் மேலாக, தறியருகில் தோழன் என்று அழைத்துவிட்டுத் தெருவில் தள்ளி நிற்கச் சொல்பவரை நம்பி எப்படிப் பட்டினி கிடப்பது? ஆனால் நிர்வாகத்தின் நிழலும் நிலையானதன்று. நிர்வாகத்திற்கு அன்று ஆலை ஓட வேண்டியிருந்தது. ஓட்டுவதற்கு ஆள் வேண்டியிருந்தது. அந்தத் தேவைதான் நமக்குக் கிடைத்த நிழல். பிற்காலத்தில் அந்த ஆலைகள் பள்ளி, குடியிருப்பு, மருத்துவ வசதி ஆகியவற்றால் பெயர் பெற்றன என்பதும் உண்மை. 1996-இல் அவை மூடப்பட்டன என்பதும் உண்மை. சங்கம் நம்மைச் சமமாக நடத்தாததால் நம்மை ஈர்க்கத் தவறிற்று. நிர்வாகம் நம்மை ஈர்த்தது, ஆயினும் தன் தேவைக்கு அப்பால் பொறுப்பேற்கவில்லை. இவ்விரண்டு பாடங்களையும் நாம் சேர்த்தே படித்தல் வேண்டும்.

பம்பாய் ஆலைகளில் நடந்ததையும் கேளுங்கள். அங்கே நெசவுப் பகுதியில் கூலி அதிகம். அப்பகுதியில் நம்மவரைச் சேர்க்கமாட்டார்கள். காரணம், அறுந்த நூலை வாயால் ஈரப்படுத்தி இணைக்க வேண்டும். நம்மவர் வாய் பட்ட நூலைத் தொடமாட்டோம் என்றனர் உடன் வேலை செய்த தொழிலாளர்களே. 1928-ஆம் ஆண்டின் பெரிய வேலைநிறுத்தத்தின்போது டாக்டர் அம்பேத்கர் இக்கொடுமையை எடுத்துக்காட்டி, இதையும் கோரிக்கைகளுள் ஒன்றாகச் சேர்க்க வேண்டுமென்று வாதாடினார். 1938-இல் மன்மாட்டில் கூடிய ஒடுக்கப்பட்ட வகுப்பு இரயில்வேத் தொழிலாளர் மாநாட்டிலும், முதலாளித்துவம் ஒரு பகையென்றால் சாதியமும் நமக்கு ஒரு பகையே என்ற கருத்தை வலியுறுத்தினார். வேலைக்கு எடுப்பது ஒன்று. எந்த வேலைக்கு எடுப்பது என்பது மற்றொன்று. கீழ்ப்படியில் நிறுத்திவிட்டு, மேற்படிக்கு ஏற விடாமல் இருக்கும் இடத்தில் எந்த மனிதன்தான் மனமொன்றி நிலைப்பான்?

இனி வெளிநாட்டுச் செய்தி ஒன்று. அமெரிக்காவில் டெட்ராய்ட் நகரில் ஹென்றி ஃபோர்டு மோட்டார்க் கார் செய்தார். நகரும் பட்டையில் வேலை வந்துகொண்டே இருக்கும். தொழிலாளி ஒரே திருகைக் காலைமுதல் மாலைவரை திருகிக்கொண்டே நிற்க வேண்டும். ஆட்கள் வந்த வேகத்தில் ஓடினர். ஏறத்தாழ 14,000 பேரை வேலையில் வைத்துக்கொள்ள 1913-ஆம் ஆண்டில் மட்டும் 52,000 பேரைச் சேர்க்க வேண்டியிருந்ததாம். 1914 ஜனவரியில் அவர், ஒன்பது மணி வேலையை எட்டு மணியாகக் குறைத்து, நாட்கூலியை 2.34 டாலரிலிருந்து 5 டாலராக்கினார். ஓட்டம் வெகுவாகக் குறைந்தது, தொழிற்சாலை வாயிலில் வேலை கேட்டு மக்கள் திரண்டனர். நல்ல கூலி செலவன்று, முதலீடு என்பதை உலகம் அன்று கண்டது. ஆனால் அந்த ஐந்து டாலரைப் பெறத் தொழிலாளியின் வீட்டிற்குள் ஆட்கள் வந்து, அவன் குடிக்கிறானா, வீட்டைத் துப்புரவாக வைத்திருக்கிறானா என்று விசாரித்தனர். கூலியைக் கூட்டினார், மதிப்பைக் கூட்டவில்லை.

நம் ஊருக்குத் திரும்புவோம். ஒப்பந்த முறை இன்று எங்கும் பரவியிருக்கிறது. 2025 ஆகஸ்டு மாதத்தில் சென்னை மாநகராட்சியின் இராயபுரம், திரு.வி.க. நகர் ஆகிய இரு மண்டலங்களின் தூய்மைப் பணி தனியாரிடம் ஒப்படைக்கப்பட்டதை எதிர்த்து, தூய்மைப் பணியாளர்கள் ரிப்பன் மாளிகை முன் 1-ஆம் நாள் தொடங்கிப் பதின்மூன்று நாள் இரவும் பகலும் அமர்ந்திருந்தனர். நீதிமன்ற ஆணையையொட்டி 13-ஆம் நாள் நள்ளிரவில் காவல்துறையினர் அவர்களை அகற்றினர். அவர்களுள் மிகப் பலர் பெண்கள். நம் வீட்டுப் பெண்கள். பெருந்தொற்றுக் காலத்திலும் வெள்ளத்திலும் நகரத்தைச் சுத்தம் செய்தவர்கள். தொழிலாளர் சங்கம் கண்ட திரு.வி.க.வின் பெயர் தாங்கிய மண்டலத்திலேயே, "நாங்கள் யாருடைய ஆட்கள்?" என்று அவர்கள் கேட்க நேர்ந்தது. அந்தக் கேள்விக்கு நேரான விடை இல்லாத இடத்தில் எந்த நிர்வாக அறிவும் பயன்படாது. தன்னை யார் வேலைக்கு வைத்திருக்கிறார் என்றே தெரியாதவன் யாருக்கு விசுவாசமாக இருப்பான்?

இவ்விடத்தில் இளைஞர்கள் அறிய வேண்டிய சட்டச் செய்திகள் சிலவுண்டு. 1981-இல் தமிழ்நாடு ஒரு சட்டம் செய்தது. தொழில் நிறுவனம் ஒன்றில் 24 மாதக் காலத்திற்குள் 480 நாள் இடையறாது பணிபுரிந்த தொழிலாளி நிரந்தரத் தகுதி பெறுவான் என்பது அச்சட்டத்தின் சாரம். 480 நாள் நிறைவதற்கு முன்பே ஆளை நிறுத்திவிட்டு, சில நாள் கழித்து வேறு பெயரில் மீண்டும் எடுக்கும் தந்திரம் இதனால்தான் தோன்றியது. மத்திய அரசு பழைய தொழிலாளர் சட்டங்கள் பலவற்றைத் திரட்டி 2019, 2020 ஆண்டுகளில் நான்கு தொகுப்புச் சட்டங்களாக்கிற்று. அவை 2025 நவம்பர் 21-இல் நடைமுறைக்கு வந்தன. அவற்றைப் பற்றித் தொழிற்சங்கங்களுக்குக் கடுமையான மாறுபாடு உண்டு. ஆயினும் தொழிலாளிக்கு நியமனக் கடிதம் தரப்படல் வேண்டும் என்ற விதியும், குறித்த காலத்திற்கு அமர்த்தப்பட்டவர் ஓராண்டு பணிபுரிந்தாலே பணிக்கொடை பெறலாம் என்ற விதியும் அவற்றில் உள்ளன. ஆகவே, வேலைக்குச் சேரும் எந்தப் பிள்ளையும் நியமனக் கடிதம் கேட்கத் தயங்கலாகாது. வருகைச் சீட்டையும் சம்பளச் சீட்டையும் பத்திரப்படுத்த வேண்டும். சம்பளத்தில் பிடிக்கும் வருங்கால வைப்பு நிதி தன் கணக்கில் சேர்கிறதா என்று மாதந்தோறும் பார்க்க வேண்டும். படிப்பு நமக்குத் தந்த முதல் ஆயுதம் கையெழுத்து. இரண்டாவது ஆயுதம், கையெழுத்திடும் முன் படித்துப் பார்ப்பது.

இனி, ஆட்களை அமர்த்தும் நிலைக்கு உயர்ந்த நம் பிள்ளைகளுக்கு ஒரு வார்த்தை. நம்மிடம் படித்த மாணவர் ஒருவர் இன்று சரக்குப் பெட்டகக் கிடங்குகளுக்கு ஆள் அனுப்பும் ஒப்பந்தக்காரராக இருக்கிறார். அவர் ஒரு நாள் நம்மிடம் வந்து, "சார், எவ்வளவு கூலி கொடுத்தாலும் ஆள் நிற்பதில்லை. இந்தக் காலத்துப் பையன்களுக்கு உழைக்க மனமில்லை" என்று குறைப்பட்டுக்கொண்டார். பேசிக்கொண்டிருக்கும்போதே அவருக்குத் தொலைபேசி வந்தது. எதிர்முனையில் இருந்தவர் அவரைவிட மூத்தவர் என்பது பேச்சிலிருந்து தெரிந்தது. இவர் அவரை "டேய்" என்றே அழைத்தார். தவறுக்கு அவர் தாயையும் இழுத்தார். பேசி முடித்ததும் நாம் கேட்டோம்: "தம்பி, உன் தந்தையாரை மேஸ்திரி இப்படி அழைத்த காலத்தில் நீ எந்த வகுப்பில் படித்தாய்?" அவர் விடை சொல்லவில்லை. சிறிது நேரம் தலை குனிந்திருந்து, பின் எழுந்து போனார்.

அவரைக் குறைகூற நமக்கு முழு உரிமை உண்டா? இல்லை. நம் சங்கத்திலேயே நடந்ததைச் சொல்லாமல் விடுவது நேர்மையாகாது. நம் மாலை வகுப்பில் ஓராண்டில் மூன்று ஆசிரியர்கள் அடுத்தடுத்து விலகினர். மூவரும் நம் சமூகத்துப் பட்டதாரிகள். செயற்குழுவில் நாம் அனைவரும், "சமூக உணர்வு குறைந்துவிட்டது, பணத்தையே பார்க்கிறார்கள்" என்று பேசி ஆறுதலடைந்தோம். அவர்களுள் ஒரு பெண்ணைப் பின்னர் ஒரு திருமண வீட்டில் கண்டு காரணம் கேட்டோம். "ஐயா, சம்பளம் குறைவு என்று தெரிந்துதான் வந்தேன். ஒவ்வொரு மாதமும் நானே போய்க் கேட்டு வாங்க வேண்டியிருந்தது. கேட்கும்போதெல்லாம் 'சேவைதானே அம்மா' என்றார்கள். சேவை செய்பவளுக்குப் பேருந்துக் கட்டணம் இல்லையா ஐயா?" என்றார். நாம் நாணிப் போனோம். முதலாளி ஒருவர் செய்திருந்தால் எதிர்த்துத் தீர்மானம் போட்டிருப்போம். நாமே செய்தபோது அதற்குச் சேவை என்று பெயரிட்டிருந்தோம்.

அதன்பின் சில ஒழுங்குகள் செய்தோம். மாதம் 5-ஆம் தேதிக்குள் சம்பளம். தாமதமானால் செயலாளரே ஆசிரியரின் வீடு சென்று காரணம் சொல்ல வேண்டும். ஒவ்வொருவருக்கும் எழுத்தில் நியமனக் கடிதம். பேருந்துச் செலவு தனி. இரவு எட்டு மணிக்கு மேல் பெண் ஆசிரியர்களை நிறுத்திவைப்பதில்லை. செயற்குழுக் கூட்டத்தில் ஆசிரியர் ஒருவருக்கு இடம். இவற்றுள் பெரிய செலவு எதுவுமில்லை. சம்பளத்தை நாம் விரும்பிய அளவு இன்னும் உயர்த்த முடியவில்லை. ஆயினும் அதற்குப் பிறகு வந்த ஆசிரியர்கள் ஆண்டின் நடுவில் வகுப்பை விட்டுப் போகவில்லை. போகும்போதும் முன்கூட்டிச் சொல்லி, அடுத்து வருபவருக்குப் பாடத்தை ஒப்படைத்தே போகிறார்கள். முதலில் விலகிய அந்தப் பெண்ணே ஞாயிறுதோறும் கணக்குப் பாடம் எடுக்க வருகிறார்.

வள்ளுவர் ஆட்களைத் தெரிந்து தெளிவதற்கு ஓர் அதிகாரமும், தெரிந்தவரை வினையில் ஈடுபடுத்துவதற்கு மற்றோர் அதிகாரமும் வகுத்திருக்கிறார். ஆராய்ந்து தேர்ந்தெடு, தேர்ந்தபின் நம்பி ஒப்படை என்பது அவற்றின் நெறி. நாம் கண்ட அனுபவத்தையும் சேர்த்து நான்கு வார்த்தைகளில் கூறுவோம்.

முதலாவது, அழைப்பு நேர்மையாக இருத்தல் வேண்டும். வேலை கடினமென்றால் கடினமென்று சொல்லுங்கள். கூலி இவ்வளவுதான் என்றால் இவ்வளவுதான் என்று சொல்லுங்கள். பொய் சொல்லி அழைத்த ஆள் உண்மை தெரிந்த நாளில் போய்விடுவான். சாதியையும் தெருவையும் கேட்டு ஆள் எடுக்காதீர்கள். நம்மை அப்படித்தானே வாயிலில் நிறுத்தினார்கள்?

இரண்டாவது, கற்றுக்கொடுத்தல். "கற்றுக்கொடுத்தால் வேறிடம் போய்விடுவான்" என்று அஞ்சித் தொழிலை ஒளித்து வைக்கிறவர் உண்டு. கற்றவன் போகலாம்; ஆனால் கற்காதவன் உங்களிடமே தங்கினால் நட்டம் அதனினும் பெரிது. துறைமுகத்தில் மூட்டை போய்ப் பெட்டகம் வந்தபோது, பளுதூக்கி இயக்கக் கற்றவன் நிலைத்தான். கற்கும் வாய்ப்புக் கிடைக்காதவன் வெளியேறினான். இயந்திரம் இன்னும் மாறும்.

மூன்றாவது, நடத்தை. தலைக்கவசமும் கையுறையும் குடிநீரும், பெண்கள் வேலை செய்யுமிடத்தில் கழிப்பறையும் சலுகைகளல்ல, கடமைகள். ஆளைப் பெயர் சொல்லி, மரியாதையுடன் அழையுங்கள். தவறு செய்தவரைத் தனியே கண்டியுங்கள்; நன்று செய்தவரைப் பலர் முன் பாராட்டுங்கள். இதற்குக் காசு செலவில்லை.

நான்காவது, உயர்வு. கூட்டுகிறவர் கூட்டிக்கொண்டே, சுமப்பவர் சுமந்துகொண்டே இருக்கும் இடத்தில் அவர்தம் பிள்ளைகளும் அதையே செய்வர் என்ற அச்சம்தான் நம் மக்களை வாட்டுகிறது. ஏணி இருக்கிறது என்று தெரிந்தால், கீழ்ப்படியிலும் மனிதன் பொறுமையுடன் நிற்பான்.

இளைஞர்களே, அரசு வேலை ஒன்றையே நம்பியிருந்த காலத்திலிருந்து நாம் சிறிது நகர்ந்திருக்கிறோம். தாட்கோ 1974 முதல் இருக்கிறது. 2023-இல் தமிழ்நாடு அரசு அண்ணல் அம்பேத்கர் தொழில் முன்னோடிகள் திட்டத்தைக் கொண்டுவந்து, நம்மவர் தொடங்கும் தொழிலுக்கு முதலீட்டில் 35 விழுக்காடு மானியம் அறிவித்தது. உங்களுள் சிலர் நாளை முதலாளிகளாவீர்கள். மிகுதியானோர் தொழிலாளிகளாகவே இருப்பீர்கள். அதில் தாழ்வு ஒன்றுமில்லை. தொழிலாளியாக இருப்பவர் சங்கத்தில் சேருங்கள். சேர்ந்த சங்கத்தில் சமத்துவம் இருக்கிறதா என்றும் கேளுங்கள். இல்லையென்றால் வெளியேறாமல் உள்ளிருந்தே கேளுங்கள். 1921-இன் புகை மீண்டும் எழாதிருக்க அதுவே வழி. முதலாளியாக உயர்பவர், உங்கள் தாயார் எந்தச் சொல்லைக் கேட்டுக் கண்ணீருடன் வீடு திரும்பினாரோ, அந்தச் சொல்லை உங்கள் வாயால் ஒருபோதும் சொல்லாதீர்கள்.

இறுதியாக ஒரு வேண்டுகோள். சங்கத்தின் சார்பில், நம் பகுதியில் வேலைக்குச் செல்லும் இளைஞர்களின் நியமனக் கடிதங்களைப் படித்து விளக்கவும், வைப்பு நிதிக் கணக்கைப் பார்த்துச் சொல்லவும் மாதத்தில் ஒரு ஞாயிறு மாலை உதவி மேசை ஒன்றை வைக்கலாம் என்பது நம் எண்ணம். படித்த பிள்ளைகள் நால்வர் முன்வந்தால் போதும். தாமதமின்றித் தொடங்கலாம். அவர்களுக்குத் தேநீரும் பேருந்துக் கட்டணமும் சங்கம் கொடுக்கும். அதையும் 5-ஆம் தேதிக்குள் கொடுக்கும்.

 வாழ்க நம் சங்கம்! வளர்க கல்வி!